டேக்டவுன் ரீகர்வ் வில்: பழைய ரைசர், புதிய லிம்ப், எது எதோடு சேரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேக்டவுன் ரீகர்வ் என்பது நுனிகள் முன்பக்கம் வளைந்த, மூன்று துண்டாகக் கழன்று வரும் வில். நடுவில் கைப்பிடியுள்ள ரைசர், மேலே ஒரு லிம்ப், கீழே ஒரு லிம்ப் (லிம்ப் என்பது வளையும் பகுதி). கழற்ற முடியும் என்பதாலேயே மாற்றிப் போட்டுப் பார்க்கும் ஆசையும் வந்துவிடுகிறது. 1980-களின் ரைசர் மலிவாகக் கிடைத்தால் அதில் இன்றைய கார்பன் லிம்பைப் போடலாமா? பழைய லிம்ப் ஜோடி நல்ல நிலையில் இருந்தால் புது ரைசரில் ஏறுமா? இரண்டுக்கும் பதில் சொல்லுமுன் மூன்று விஷயங்களை இந்த வரிசையில் பார்க்க வேண்டும்: இணைப்பு பொருந்துகிறதா, கோணம் ஒத்து வருகிறதா, ரைசர் அந்தப் பலத்தைத் தாங்குமா. லிம்ப் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் முதல் கேள்வி மட்டும்தான் தீர்ந்தது. மற்ற இரண்டையும் பார்க்காமல் நாணேற்றினால் வில் உடையலாம்.

என் கையில் இருக்கும் லிம்ப் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லிம்பின் அடிப்பகுதியை, அதாவது ரைசருக்குள் போகும் முனையைத் திருப்பிப் பாருங்கள். முனையில் "U" வடிவ வெட்டு இருந்து, அதற்குச் சற்று மேலே நடுவில் சிறிய உலோகக் கட்டை ஒன்று துருத்திக்கொண்டு, அதன் மையத்தில் ஸ்பிரிங்கால் உள்ளே அமுங்கும் பொத்தானும் இருந்தால் அது ஐ.எல்.எஃப். (இன்டர்நேஷனல் லிம்ப் ஃபிட்டிங்). முனையில் வெட்டு இல்லாமல் லிம்பை ஊடுருவிச் செல்லும் வட்டத் துளை இருந்தால் போல்ட் வகை. போல்ட் துளையோடு இன்னும் ஒன்றிரண்டு சிறு துளைகளும் இருக்கலாம், அவை லிம்ப் திரும்பாமல் பிடிக்கும் ஊசிகளுக்கானவை.

இவை இரண்டும் இல்லையென்றால் அந்தத் தயாரிப்பாளரின் தனி முறை. அமெரிக்காவின் பேர் நிறுவனத்து டேக்டவுனின் தாழ்ப்பாள் அப்படிப்பட்டது. பழைய யமஹா மாடல்கள் பலவற்றின் இணைப்பும் அப்படித்தான். யமஹா 2002-இல் வில் தொழிலை விட்டே விலகிவிட்டதால் அந்த லிம்புக்குப் புதிய ஜோடி கிடைக்காது. பழைய சந்தையில்தான் தேட வேண்டும்.

ஐ.எல்.எஃப். இணைப்பு எப்படி வேலை செய்கிறது?

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க வில் தயாரிப்பாளரான ஹாய்ட் நிறுவனம் தன் கோல்ட் மெடலிஸ்ட் வில்லுக்காகக் கொண்டுவந்த இணைப்பு இது. மற்ற தயாரிப்பாளர்களும் அதையே எடுத்துக்கொண்டதால் பொதுத் தரமாகிவிட்டது. ஒரு கொரிய லிம்ப் அமெரிக்க ரைசரில் ஏறுவதற்குக் காரணம் இதுதான்.

லிம்பை உள்ளே தள்ளும்போது உலோகக் கட்டை ரைசரின் பள்ளத்தில் சறுக்கிப் போகும். பொத்தான் "டிக்" என்று விழும். "U" வெட்டு, ரைசரில் திருகியிருக்கும் லிம்ப் போல்ட்டின் தலைக்குக் கீழே நுழையும். அந்த "டிக்" லிம்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நாணேற்றும் வரை லிம்ப் கீழே விழாமல் இருப்பதற்கு மட்டுமே அது உதவும். நாண் இழுத்தவுடன் லிம்ப் ரைசரின் விளிம்பை அச்சாக வைத்து நெம்பும், அடிமுனை மேலே எழப் பார்க்கும், போல்ட்டின் தலை அதை அழுத்திப் பிடிக்கும். ஆகவே முழுச் சுமையும் இரண்டு இடங்களில்தான் விழுகிறது: போல்ட்டின் தலையிலும் பள்ளத்தின் விளிம்பிலும். பழைய ரைசரை வாங்கும்போது கண் முதலில் போக வேண்டிய இடங்களும் அவையே.

ஹாய்ட் ஃபார்முலா லிம்பை ஐ.எல்.எஃப். ரைசரில் போடலாமா?

முடியாது. ஹாய்ட் 2010-ஐ ஒட்டி ஃபார்முலா வரிசையைக் கொண்டுவந்தபோது போல்ட்டுக்கும் உலோகக் கட்டைக்கும் இடையே உள்ள தூரத்தைக் கூட்டியது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றின் கட்டை மற்றதின் பள்ளத்துக்கு வந்து சேராது. ஹாய்ட்டே இரண்டு வகையையும் தயாரித்திருப்பதால் "ஹாய்ட் லிம்ப்" என்று மட்டும் எழுதியிருக்கும் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம். அடிமுனையின் படத்தை ஒரு அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிராண்ட் பிரி என்று குறித்திருந்தால் அது ஹாய்ட்டின் ஐ.எல்.எஃப். வரிசை.

பழைய கோல்ட் மெடலிஸ்ட் ரைசரில் இன்றைய லிம்பைப் போடலாமா?

போடலாம், ஆனால் நிபந்தனைகளோடு. இணைப்பு பெரும்பாலும் பொருந்தும். சிக்கல் மூன்று இடத்தில் வரும்.

முதலாவது உலோகம். அந்தக் காலத்து ரைசர்கள் வார்ப்பு மெக்னீசியக் கலவையில் செய்தவை. 1990-களிலிருந்து பரவிய, அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த ரைசர்களின் உறுதி இவற்றுக்கு இல்லை. பெயின்டுக்கு அடியில் கொப்புளம் தெரிந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் உலோகம் அரிக்கிறது என்று பொருள். வில்லை நிலைநிறுத்தும் தண்டான ஸ்டெபிலைசர் திருகும் இடத்தைச் சுற்றி இது அதிகம். மயிரிழை விரிசல் வரும் இடங்கள்: அம்பு செல்லும் வெட்டின் மிகக் குறுகிய பகுதி, லிம்ப் பள்ளத்தின் மூலைகள், போல்ட் துளையின் வாய். சந்தேகம் இருந்தால் வெல்டிங் சாமான் விற்கும் கடையில் டை பெனிட்ரன்ட் என்று மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள் கொண்ட செட் கிடைக்கும். பெயின்டை நீக்கிய இடத்தில் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, அதைத் துடைத்தெடுத்துவிட்டு, வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். ஒரு கோடு தெரிந்தாலும் அந்த ரைசர் சுவரில் மாட்ட மட்டுமே. வெல்டு வைத்து, எபாக்சி பூசி மீண்டும் நாணேற்றக் கூடாது. இழுத்த நிலையில் உடையும் ரைசர் முகத்துக்கு நேரே வரும்.

இரண்டாவது, பக்கவாட்டுச் சரிசெய்தல். இன்றைய ரைசர்களில் லிம்பை இடமும் வலமும் நகர்த்த வழி உண்டு. பழையவை பலவற்றில் இல்லை. நாண் நடுவில் ஓடாவிட்டால் லிம்பை மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது, நாணும் லிம்பும் தரும் அதிர்ச்சி. இன்றைய லிம்ப் வேகமானது, இன்றைய நாண் நீளாதது. இரண்டும் சேர்ந்து அம்பு விட்ட பின் மிஞ்சும் சக்தியை ரைசரில் இறக்கும். எங்கள் கருத்து: வார்ப்பு மெக்னீசிய ரைசரில் 34, 36 பவுண்டுக்கு (நாணை இழுக்கத் தேவையான பலம்) மேல் குறித்த லிம்ப் வேண்டாம், நாண் சற்று நீளும் டேக்ரானாக இருக்கட்டும், அம்பு கனமாக இருக்கட்டும். வில்லின் பவுண்டுக்கு 8 கிரெய்ன் (அம்பின் எடையை அளக்கும் அலகு) என்று வைத்தால் 36 பவுண்டுக்கு 288 கிரெய்ன் அம்பு. அதற்குக் கீழே போகாதீர்கள்.

நேர்மாறாக, பழைய லிம்பைப் புது ரைசரில்?

லிம்ப் உண்மையாகவே ஐ.எல்.எஃப். என்றால் இதுவே பாதுகாப்பான கலவை. ஏதாவது தவறினால் லிம்ப் பிளக்கும், ரைசர் தப்பிக்கும். ஹாய்ட்டின் 1970-களின் டி.டி. வரிசை லிம்புகள் ஐ.எல்.எஃப். அல்ல, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஏற்றுமுன் ஒரு சோதனை. லிம்பின் "U" வெட்டைச் சுற்றிப் போல்ட்டின் தலை படும் இடத்தில் வெள்ளைப் பலகை மார்க்கரால் கறுப்பாகப் பூசுங்கள். லிம்பைப் போட்டு, நாணேற்றி, ஒரு நிமிடம் கழித்து இறக்கிப் பாருங்கள். மை அழிந்த தடம் வெட்டின் இரு பக்கமும் ஒரே அகலத்தில் இருந்தால் நன்று. ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் போல்ட் ஒரு தோளில்தான் அழுத்துகிறது. அப்படியே எய்துகொண்டிருந்தால் அந்தத் தோள் நசுங்கி, அங்கிருந்து ஃபைபர் அடுக்கு பிரியத் தொடங்கும். லிம்ப் இருப்பு சாய்ந்திருக்கலாம், உலோகக் கட்டையின் திருகு தளர்ந்திருக்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பச் சோதியுங்கள்.

கட்டை பள்ளத்தில் இறுக்கமாக இருக்கிறது என்று அரத்தால் ராவும் பழக்கம் சிலரிடம் உண்டு. ராவியது திரும்ப வராது. முதலில் பள்ளத்தில் மண்ணோ பெயின்டோ ஒட்டியிருக்கிறதா என்று பழைய பல் துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். பாதி நேரம் அதுதான் காரணம்.

ரைசர் நீளமும் லிம்ப் நீளமும் சேர்ந்தால் வில் எத்தனை அங்குலம்?

ஐ.எல்.எஃப். கணக்கு எளிது. 25 அங்குல ரைசரில் ஷார்ட் லிம்ப் போட்டால் 66, மீடியம் 68, லாங் 70. ரைசர் எத்தனை அங்குலம் குறைகிறதோ வில்லும் அத்தனை குறையும்.

27 அங்குல ரைசர்: 68, 70, 72
25 அங்குல ரைசர்: 66, 68, 70
23 அங்குல ரைசர்: 64, 66, 68
21 அங்குல ரைசர்: 62, 64, 66
19 அங்குல ரைசர்: 60, 62, 64
17 அங்குல ரைசர்: 58, 60, 62

66 அங்குல வில் மூன்று விதமாக அமையும் என்பதைக் கவனியுங்கள். மூன்றும் ஒரே மாதிரி இழுபடாது. குட்டை ரைசரில் நீள லிம்ப் போட்டால் இழுவை கடைசி வரை மென்மையாக வரும். நீள ரைசரில் குட்டை லிம்ப் போட்டால் வில் நிதானமாக நிற்கும், ஆனால் நீண்ட கைகள் உள்ளவருக்குக் கடைசி அங்குலத்தில் கல்லைப் போல இறுகும்.

லிம்பில் 34 பவுண்டு என்று இருக்கிறது. என் ரைசரில் எவ்வளவு வரும்?

ஐ.எல்.எஃப். லிம்பில் பொதுவாக எழுதியிருப்பது 25 அங்குல ரைசரில், 28 அங்குல இழுப்பில் வரும் எடை. வேட்டை வில்லுக்கான சில லிம்புகளில் 17 அல்லது 19 அங்குல ரைசரை வைத்துக் குறித்திருப்பார்கள். லிம்பில் எழுதியிருக்கும் வில் நீளத்தைப் பார்த்தால் எந்த ரைசர் என்று புரியும்.

ரைசர் ஒரு அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய ஒரு பவுண்டு கூடும். இழுப்பு ஒரு அங்குலம் மாறினால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு மாறும். 34 பவுண்டு லிம்பை 21 அங்குல ரைசரில் போட்டால் 38 பக்கம் வரும். உங்கள் இழுப்பு 27 அங்குலம் என்றால் அதில் இரண்டு குறைத்து 36. இதே லிம்ப் 17 அங்குல ரைசரில் 40-ஐத் தாண்டும். 34 இழுத்துப் பழகியவருக்கு அது தோளைப் பதம் பார்க்கும் எடை.

இழுப்பை அளப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. கைப்பிடியின் ஆழமான குழியிலிருந்து அம்பின் நாண் பிளவு வரை அளந்து, அதோடு 1¾ அங்குலம் கூட்ட வேண்டும். அந்தக் கூடுதலை விட்டுவிட்டால் மூன்றரை பவுண்டு வரை கணக்கு பிசகும்.

இவை தோராயங்கள். ரைசருக்கு ரைசர் லிம்ப் அமரும் கோணம் மாறும், அதுவே சில பவுண்டுகளைக் கூட்டும், குறைக்கும். பெட்டி எடை போடும் தொங்கு தராசு ஒன்று போதும். கொக்கியை நாணில் மாட்டி, உங்கள் இழுப்பு வரை இழுத்து, கிலோவை 2.2-ஆல் பெருக்குங்கள்.

சாமிக் சேஜ் ரைசரில் மற்ற போல்ட் லிம்புகள் ஏறுமா?

போல்ட் வகையில் பொதுத் தரம் என்று எதுவும் இல்லை. கொரிய நிறுவனமான சாமிக்கின் 62 அங்குல சேஜ் வில் உலகமெங்கும் விற்றதால் அதன் அமைப்பைப் பார்த்துச் செய்த வில்கள் ஏராளம். சில லிம்புகள் அப்படியே பொருந்தும். சில, துளை பொருந்தியும் கோணம் பொருந்தாது. "சேஜுக்குப் பொருந்தும்" என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். ஒரே அளவுள்ள வில் என்பது ஆதாரம் ஆகாது.

கையில் இரண்டும் இருந்தால் நாணேற்றும் முன் நான்கு இடம் பாருங்கள். போல்ட் துளையின் மையத்திலிருந்து ஊசித் துளையின் மையம் வரை தூரம் ஒன்றா? லிம்பின் அகலம் ரைசரின் மேடையை விட்டு வெளியே நீட்டாமல் இருக்கிறதா? அடிப்பகுதி முழுதாக மேடையில் படிகிறதா, அல்லது காகிதத் துண்டு உள்ளே நுழைகிறதா? போல்ட்டை முழுதாகத் திருகிய பின் லிம்பைக் கையால் பக்கவாட்டில் அசைத்தால் நகருகிறதா? காகிதம் நுழைந்தால், நாண் இழுக்கும்போது முழு பலமும் அந்த இடைவெளியின் விளிம்பில் குவியும். லிம்ப் பெரும்பாலும் அங்கேதான் முறியும்.

துளை அரை மில்லிமீட்டர்தான் தள்ளியிருக்கிறது. ராவிப் பெரிதாக்கலாமா?

கூடாது. போல்ட் லிம்பின் அடிப்பகுதி மரமும் ஃபைபர் கிளாஸும் அடுக்கி ஒட்டியது. வட்ட அரம் அந்த அடுக்குகளின் ஓரத்தைப் பிய்க்கும், பிய்ந்த இடத்திலிருந்து விரிசல் லிம்பின் நீளவாக்கில் ஓடும். துளை தளர்ந்துவிட்டால் லிம்ப் ஒவ்வொரு எய்தலிலும் வெவ்வேறு இடத்தில் அமரும், குறியும் அதனுடன் அலையும்.

போல்ட் தொலைந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் 8 மில்லிமீட்டர் போல்ட் வாங்கிப் போடலாமா?

அதிகம் பேர் மரையைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர். கண்ணுக்கும் கைக்கும் இரண்டும் ஒன்றே. மரையின் இடைவெளிதான் வேறு: 5/16-18 மரைக்கு (அங்குலத்துக்கு 18 மரை) 1.41 மில்லிமீட்டர், சாதாரண எம்8-க்கு 1.25. முதல் இரண்டு சுற்று லேசாக உள்ளே போகும், மூன்றாவதில் பிடிக்கும். "கொஞ்சம் இறுக்கம்" என்று ஸ்பேனர் போட்டால் ரைசரின் மரை உரிந்துவிடும்.

ஸ்டெபிலைசரும், அம்பின் பக்கத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பொத்தானான பிளஞ்சரும் திருகும் துளை 5/16-24. அதன் இடைவெளி 1.06 மில்லிமீட்டர். நுண்மரை எம்8-க்கு 1.0. இங்கே ஏமாற்றம் இன்னும் மோசம், நான்கைந்து சுற்று வரை சிக்கலே தெரியாது.

விதி இதுதான்: சரியான போல்ட் விரலாலேயே கடைசி வரை போக வேண்டும். மரை கேஜ், அதாவது மரையின் இடைவெளியை அளக்கும் கருவி, பட்டறைகளில் இருக்கும். லேத் பட்டறைக்கு ரைசரையே எடுத்துச் சென்று பார்க்கச் சொல்லுங்கள். ஐ.எல்.எஃப். லிம்ப் போல்ட் என்றால் அந்த ரைசருக்கு உரியதையே வாங்க வேண்டும், தலையின் வடிவமும் சேர்ந்துதான் லிம்பைப் பிடிக்கிறது.

பேர் டேக்டவுனில் "ஏ", "பி" என்றும் 1, 3 என்றும் இருப்பது என்ன?

ஃப்ரெட் பேரின் நிறுவனம் 1970-ஐ ஒட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்த வில் இது. கருவி எதுவும் இல்லாமல் தாழ்ப்பாளைத் தூக்கி லிம்பைச் செருகி மூடலாம். எழுத்து ரைசரின் நீளத்தையும் எண் லிம்பின் நீளத்தையும் குறிக்கும். ஏ ரைசரில் 1-ஆம் எண் லிம்ப் 56 அங்குல வில்லைத் தரும், 3-ஆம் எண் 60. பி ரைசரில் அவை 60, 64. ஏ ரைசருக்கென எடை குறித்த லிம்பை பி-யில் போட்டால் எடை குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நிறுவனம் 1978-இல் மிச்சிகனின் கிரேலிங்கிலிருந்து ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்கு இடம் மாறியது. வெவ்வேறு காலத்து ரைசரையும் லிம்பையும் சேர்ப்பவர்கள் பார்க்க வேண்டியது தாழ்ப்பாளை: கட்டைவிரலால் அழுத்தினால் தயக்கத்தோடு மூட வேண்டும், மூடிய பின் லிம்ப் ஆடக் கூடாது. தானாகவே தொளதொளவென்று மூடினால் தாழ்ப்பாளோ லிம்பின் தகடோ தேய்ந்திருக்கிறது.

மேல் லிம்ப் ஒரு ஜோடியிலிருந்தும் கீழ் லிம்ப் இன்னொரு ஜோடியிலிருந்தும் போடலாமா?

ஒரே மாடல், ஒரே நீளம், ஒரே எடை என்றாலும் வேண்டாம். ஜோடியாகச் செய்து, ஜோடியாக அளந்து, ஒரே எண் போட்டு அனுப்புகிறார்கள். வேறு ஜோடியின் லிம்ப் வேறு வேகத்தில் திரும்பும், அம்பின் பின்புறம் மேலும் கீழும் துள்ளும். போல்ட்டைத் திருகி டில்லரை (ஒவ்வொரு லிம்பின் அடியிலிருந்தும் நாண் வரை உள்ள தூரத்தை) சமன் செய்தால், நிற்கும்போது சமமாக இருக்கும். எய்யும்போது இருக்காது.

பழைய காம்பவுண்டு (கப்பி வைத்த) வில்லின் ரைசரில் ஐ.எல்.எஃப். லிம்ப் போடுகிறார்களே?

"வார்ஃப்" என்று அழைக்கப்படும் இந்த வேலை அமெரிக்காவில் பிரபலம். காம்பவுண்டு ரைசர் உறுதியானது, ஆனால் அதன் லிம்ப் மேடையின் கோணம் ரீகர்வுக்குப் பொருந்தாது. ஆகவே ஆப்புப் போலக் கோணம் மாற்றும் அடாப்டரை நடுவில் வைக்கிறார்கள். அடாப்டரைக் கடையில் வாங்கி, அந்த ரைசருக்கென்றே சொல்லப்பட்ட கோணத்தில் பொருத்தினால் நல்ல வில் கிடைக்கும். மரக்கட்டையைச் சீவி ஆப்பு செய்வது ஆபத்து.

முதல் முறை சேர்க்கும்போது என்ன வரிசையில் செய்வது?

1. லிம்ப் போல்ட்டின் பூட்டுத் திருகைத் தளர்த்துங்கள். இரண்டு போல்ட்டையும் முழுதாக உள்ளே திருகி, பிறகு இரண்டையும் சமமாக இரண்டு சுற்று வெளியே எடுங்கள். எத்தனை சுற்று வரை எடுக்கலாம் என்பது ரைசருக்கு ரைசர் மாறும். கையேடு கிடைக்காத பழைய ரைசரில் போல்ட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு மரையாவது உள்ளே இருக்க வேண்டும்.

2. எந்த லிம்ப் கீழ் என்று பாருங்கள். எடை எழுதியிருப்பது பெரும்பாலும் கீழ் லிம்பில்தான்.

3. நாணேற்றும் கயிற்றால் மட்டும் நாணேற்றுங்கள். காலுக்கிடையில் வில்லை வளைத்து ஏற்றினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். நாணின் பெரிய கண்ணி மேல் லிம்புக்கு.

4. வில்லை நாற்காலியின் முதுகில் கிடத்தி, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நாண் இரண்டு லிம்பின் நடுவையும் ரைசரின் நடுவையும் வெட்ட வேண்டும்.

5. பாதி இழுப்பு வரை பத்து முறை மெதுவாக இழுத்து, விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். நெறிப்புச் சத்தம் கேட்டால் நிறுத்தி, இறக்கி, அடிமுனையைப் பாருங்கள். அம்பு இல்லாமல் நாணை ஒருபோதும் விடாதீர்கள்.

6. முழு இழுப்பில் எடை அளந்து, பூட்டுத் திருகை இறுக்கி, கனமான அம்போடு மூன்று மீட்டர் தூரத்திலிருந்து எய்து பாருங்கள். முதல் நாள் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது நல்லது.

போல்ட்டைத் திருக வேண்டியபோதெல்லாம் நாணை இறக்கிவிட்டே திருகுங்கள். ஏற்றிய நிலையில் திருகினால் மரை சுமையோடு தேயும்.

நாண் நடுவில் ஓடவில்லை. குறை லிம்பிலா, ரைசரிலா?

ஐ.எல்.எஃப். வில்லில் இதைக் கண்டுபிடிக்க அழகான வழி உண்டு. மேல் லிம்பைக் கீழும் கீழ் லிம்பை மேலும் மாற்றிப் போட்டு நாணேற்றிப் பாருங்கள், எய்ய வேண்டாம். சாய்வு லிம்போடு சேர்ந்து இடம் மாறினால் குறை லிம்பில். சாய்வு இருந்த இடத்திலேயே நின்றால் ரைசரில், அல்லது அதன் பக்கவாட்டு அமைப்பில். ரைசரில் என்றால் பள்ளத்தில் இருக்கும் மெல்லிய வாஷர்களை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் போட்டு நகர்த்தலாம். ஒரு நேரத்தில் ஒன்று போதும். முறுக்கிய லிம்பைச் சூடாக்கி நிமிர்த்தலாம் என்பார்கள். பழைய பசைக்கு அந்தச் சூடே முடிவாகலாம், நாங்கள் சொல்ல மாட்டோம்.

டில்லர், ப்ரேஸ் ஹைட் எவ்வளவு வைப்பது?

டில்லர் என்பது லிம்பும் ரைசரும் சேரும் இடத்திலிருந்து நாண் வரை செங்குத்தான தூரம். அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் பிடிப்பவருக்கு மேல் அளவு கீழ் அளவைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் அதிகமாக இருக்கட்டும். மூன்று விரலும் அம்புக்குக் கீழே என்றால் சமத்தில் தொடங்குங்கள். ப்ரேஸ் ஹைட், அதாவது கைப்பிடிக் குழியிலிருந்து நாண் வரை, 66 அங்குல வில்லுக்கு 8¼ முதல் 8¾, 68-க்கு 8½ முதல் 9, 70-க்கு 8¾ முதல் 9¼ அங்குலம். 62 அங்குல போல்ட் வில்லுக்கு 7½ முதல் 8¼. கலந்து சேர்த்த வில்லில் இந்த எல்லைக்குள் எந்த நாணும் வராவிட்டால் லிம்ப் அமரும் கோணமே தவறு, நாணை மாற்றிப் பயனில்லை.

நாண் எது?

பழைய லிம்பின் நுனியில் நாண் உட்காரும் வெட்டைச் சுற்றிக் கூடுதல் ஃபைபரோ மைக்கார்டா என்ற கெட்டித் தகடோ வைத்துப் பலப்படுத்தியிருக்காவிட்டால் டேக்ரான் மட்டுமே. நீளாத ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நாண் மர நுனியைக் கத்திபோல அறுத்துக்கொண்டு இறங்கும். பி-50 டேக்ரானில் 35 பவுண்டு வரை 10 இழை, 45 வரை 12, 55 வரை 14. நாணின் நீளம் வில்லின் நீளத்தைவிட 3 முதல் 3½ அங்குலம் குறைவு. 68 அங்குல வில்லுக்கு 65 அல்லது அதற்குச் சற்றுக் குறைவு.

பழைய ரைசரில் இன்றைய சைட், ஸ்டெபிலைசர் பொருந்துமா?

ஸ்டெபிலைசருக்கு 5/16-24 மரை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பொருந்தும். குறி பார்க்கும் கருவியான சைட்டுக்கு 10-24 மரையில் இரண்டு துளை, இடையே 1 5/16 அங்குலம், அதாவது 33.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மர ரைசரில் இவை இல்லாவிட்டால் புதிதாகத் துளை போட வேண்டாம். தடித்த மர ரைசரில் பிளஞ்சரின் உடல் நீளம் போதாமல் போவதும் உண்டு, நீளமான உடலுள்ளதை வாங்குங்கள்.

இழுக்கும்போது "கிறீச்" என்கிறது.

பெரும்பாலும் உலோகக் கட்டையும் பள்ளமும் உரசும் சத்தம். துடைத்து, நாணுக்குப் பூசும் மெழுகைத் துளி தடவுங்கள். அதே சத்தம் லிம்பின் நடுவிலிருந்து வந்தால் வில்லை உடனே இறக்குங்கள், அடுக்கு பிரிகிறது.

பழைய லிம்ப் ஜோடியை வாங்கும்போது நேரில் என்ன பார்க்க வேண்டும்?

பஞ்சு உருண்டையை லிம்பின் இரு ஓரமும் மெல்ல இழுத்துச் செல்லுங்கள். இழை சிக்கிக்கொள்ளும் இடத்தில் ஃபைபர் எழும்பியிருக்கிறது. நகத்தால் லிம்பின் நீளம் முழுதும் தட்டிக்கொண்டே போங்கள். ஒரே ஓசை வர வேண்டும், பொத்தென்று வரும் இடத்தில் உள்ளே பிரிந்திருக்கும். நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் பழைய ஃபைபர் கிளாஸில் சகஜம். குறுக்கே ஓடும் கோடு ஒன்று இருந்தாலும் வாங்க வேண்டாம். விற்பவரிடம் லிம்ப் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று கேளுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த லிம்பின் பசை இளகியிருக்க வாய்ப்புண்டு. நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் இது ஒரே மதியத்தில் நடக்கக்கூடியது. நாணேற்றிக் காட்டச் சொன்னால் ஏற்றத் தயங்குகிறார் என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் நடையைக் கட்டுங்கள்.